பழைய ஆபீஸ் பெட்டியில் லினக்ஸ் கேமிங்: பாளையங்கோட்டையில் ஒரு கணினியை மாற்றிய செய்முறைக் குறிப்பு

இந்தக் குறிப்பில் வரும் பெட்டி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மாணவரின் வீட்டில் இருப்பது. ஆபீஸில் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை ஐ5-4590, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், பிறகு வாங்கிச் செருகிய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. நெல்லை, தென்காசி, அம்பை என்று எங்கே போனாலும் இதே மாதிரிப் பெட்டியைப் பார்க்கலாம். 1050 டிஐ 75 வாட்டை மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தனியாக பவர் கேபிள் வேண்டாம். அதனால்தான் ஆபீஸ் பெட்டிகளுக்கு அந்தக் கார்டு தோதாக இருக்கிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும். இந்தப் பெட்டியில் இரண்டும் கிடையாது. லினக்ஸுக்குப் போக இது போதுமான காரணம்தான், ஆனால் பென்டிரைவைக் கையில் எடுக்கும் முன் இரண்டு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும்: என்ன கேம் ஆடுகிறீர்கள், என்ன கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது.

எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“அண்ணே, வாலரன்ட் ஓடுமாண்ணே?”

“ஓடாதுடே.”

வாலரன்ட்டும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரலை நம்பியிருக்கின்றன. அது விண்டோஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது, லினக்ஸுக்கு அது இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் போட்டு ஆடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கணக்கு முடக்கப்படலாம். ஃபோர்ட்நைட், பப்ஜியின் கணினிப் பதிப்பு இரண்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஒருகாலத்தில் ஓடியது, 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஜிடிஏ 5 கதைப் பகுதி ஓடும், ஆன்லைன் பகுதி 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு வந்ததிலிருந்து ஓடாது. ஃப்ரீ ஃபயரையும் பிஜிஎம்ஐயையும் புளூஸ்டாக்ஸில் (ஆண்ட்ராய்டு கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஆடுகிறவர்கள் கவனிக்க: புளூஸ்டாக்ஸுக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் நேரடி லினக்ஸ் பதிப்பு உண்டு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பும் அப்படியே. தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓடிவிடும். ஒவ்வொரு கேமின் பெயரையும் புரோட்டான்டிபி தளத்தில் தேடி, ஆடியவர்கள் கொடுத்த மதிப்பீடு பிளாட்டினமா கோல்டா என்று பார்க்கவும். மதிப்பீட்டைப் பார்த்ததோடு விடாமல், உங்களிடம் உள்ள அதே கார்டில் ஆடியவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதையும் படியுங்கள். தினமும் ஆடுவது வாலரன்ட் மட்டும்தான் என்றால் மாற வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கார்டு விஷயம் இப்படி. ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் 2018இல் வெளியிட்ட புரோட்டான், வைன் என்ற பழைய திட்டத்தின் மேல் கட்டியது. விண்டோஸ் கேம் கேட்கும் டைரக்ட்எக்ஸ் 9, 10, 11 அழைப்புகளை டிஎக்ஸ்விகே என்ற பகுதி வல்கனுக்கு (லினக்ஸில் கேம் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் முறை) மாற்றிக் கொடுக்கிறது, டைரக்ட்எக்ஸ் 12க்கு விகேடி3டி-புரோட்டான். ஆக, கார்டு வல்கனைச் சரியாகப் பேசாவிட்டால் மற்றதெல்லாம் வீண். டிஎக்ஸ்விகே 2 வல்கன் 1.3 கேட்கும். நம் பக்கம் நிறைய பேர் வைத்திருக்கும் ஜிடி 710 பழைய கெப்ளர் வகை. அதற்கு என்விடியாவின் 470 டிரைவரோடு ஆதரவு நின்றுவிட்டது, வல்கன் 1.2க்கு மேல் போகாது. அந்தக் கார்டில் புதிய புரோட்டானைப் போட்டால் கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், பிழைச் செய்திகூட வராது. அதற்கு ஸ்டீமில் கேமின் பண்புகளில் போய் புரோட்டான் 7.0ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் பழைய டிஎக்ஸ்விகே இருக்கிறது. கார்டே இல்லாமல் நான்காம் தலைமுறை இன்டெல் எச்டி கிராபிக்ஸ் மட்டும் என்றால் அதன் வல்கன் ஆதரவு அரைகுறை. டோஸ்பாக்ஸ், எமுலேட்டர், சின்ன 2டி கேம்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த லினக்ஸ்? கேமிங்குக்கென்றே பஸ்ஸைட் மாதிரி வந்திருக்கிறது, நல்லதுதான், ஆனால் அதன் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) பல ஜிபி பெரியது, அப்டேட்டும் கனம். தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவில் காலம் தள்ளும் மானூர், நாங்குநேரி, களக்காடு பக்கத்து வீடுகளுக்கு லினக்ஸ் மின்ட் சின்னமன் தோது. ஐஎஸ்ஓ சுமார் 3 ஜிபி. 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இந்தப் பெட்டியில் போட்டதும் அதுதான்.

விண்டோஸில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள்

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கவும். அது இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸில் அந்த டிஸ்க் படிக்க மட்டும் திறக்கும், சில நேரம் திறக்கவே திறக்காது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துவிட்டு நிறுத்தவும்.

அடுத்து ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று கொடுத்துத் திறந்தால் பயாஸ் மோடு என்று ஒரு வரி இருக்கும். அது லெகசியா (பழைய பூட் முறை) யுஇஎஃப்ஐயா (புதிய முறை) என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பெட்டிகளில் பாதிக்குப் பாதி லெகசியில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பென்டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் லெகசியிலும் லினக்ஸ் யுஇஎஃப்ஐயிலும் ஏறிவிட்டால் பூட் மெனுவில் ஒன்று இருக்கும், ஒன்று இருக்காது. விண்டோஸ் அழிந்துவிட்டது என்று பதறும் கேஸ்களில் இதுவும் ஒன்று.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யவும். இங்கே 100 ஜிபி காலியாக்கினோம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, ஐஎஸ்ஓவை அதில் எழுத ரூஃபஸ் அல்லது எட்சர், சோலி முடிந்தது. ஆனால் எழுதும் முன் ஐஎஸ்ஓவின் ஷா256 எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அறுந்து அறுந்து இறங்கிய கோப்பு பெரும்பாலும் பாதியில் கெட்டிருக்கும், இன்ஸ்டால் 70 விழுக்காட்டில் நிற்கும்போதுதான் அது தெரியும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் போகிற நாள் முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அந்த நாளில் டிஸ்க் வேலை எதையும் தொடாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அணைக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஏற்றுவது

டெல் பெட்டியில் எஃப்12, எச்பியில் எஃப்9, லெனோவோவில் எஃப்12, எம்எஸ்ஐ போர்டில் எஃப்11. மெனு வந்து திரை கறுப்பாக நின்றால் மீண்டும் தொடங்கி கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுக்கவும். என்விடியா கார்டில் இது சகஜம், டிரைவர் ஏறியதும் சரியாகிவிடும்.

சின்ன யுஎஸ்பி வைஃபை குச்சிகளில் பலவற்றுக்கு டிரைவர் உள்ளேயே இருக்காது. அதைத் தேடி அலைய வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள், லினக்ஸ் அதை லேன் கேபிள் போல உடனே எடுத்துக்கொள்ளும்.

டிஸ்க் கேட்கும் இடத்தில் ‘சம்திங் எல்ஸ்’ எடுத்து, காலியாக விட்ட 100 ஜிபியில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் டிஸ்க் ஃபார்மட்), மவுண்ட் பாயிண்ட் சாய்கோடு. யுஇஎஃப்ஐ பெட்டியானால் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை அப்படியே தேர்ந்தெடுக்கவும், ஃபார்மட் டிக் வைக்கக் கூடாது. வைத்தால் விண்டோஸ் பூட் போய்விடும்.

உள்ளே வந்ததும் பழக்கத்துக்கு வர வேண்டிய அடிப்படைகள் கொஞ்சம்தான். சி டிரைவ், டி டிரைவ் கிடையாது. எல்லாம் அந்த ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும் ஒரே மரம், வேறு டிஸ்க்கைக் கிளையாகச் சேர்ப்பதற்குப் பெயர்தான் மவுண்ட். உங்கள் கோப்புகள் ஹோமில் உங்கள் பெயரில். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு: ‘கேம்ஸ்’ என்று பெரிய ஜியில் ஒரு ஃபோல்டர், சின்ன ஜியில் இன்னொன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) பாஸ்வேர்டு அடிக்கும்போது மின்டில் நட்சத்திரக் குறிகள்தான் தெரியும், வேறு பல லினக்ஸில் அதுகூடத் தெரியாது, கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்காமல் அடித்து எண்டர் தட்டுங்கள். ஒட்டுவதற்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றும் சேர்த்து. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம், அடிப்பது ஆங்கிலச் சின்ன எழுத்தில்.

மென்பொருளைத் தளம் தளமாகத் தேடி இஎக்ஸ்இ இறக்கும் பழக்கத்தை விட வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். முதல் வேலை அப்டேட் மேனேஜர், அல்லது டெர்மினலில் சூடோ ஏபிடி அப்டேட், அடுத்து சூடோ ஏபிடி அப்கிரேட். அதற்கடுத்து டிரைவர் மேனேஜர். 1050 டிஐ பாஸ்கல் வகை, என்விடியா 580 வரிசைதான் அதற்குக் கடைசி. 590 என்று பட்டியலில் தெரிந்தால் புதியது நல்லது என்று எடுத்துவிடக் கூடாது, கார்டையே அடையாளம் காணாது. செக்யூர் பூட் இயங்கும் புதிய லேப்டாப்பில் டிரைவர் ஏறும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்து ‘என்ரோல் எம்ஓகே’ என்று நிற்கும். அங்கே அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பயந்து தாண்டிவிட்டால் டிரைவர் ஏறியும் ஏறாத கதைதான். ஏறியதா என்று பார்க்க என்விடியா-எஸ்எம்ஐ என்று அடித்தால் கார்டின் பெயரும் வெப்பமும் வரும்.

இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப்பில் கீழ்ப்பட்டையில் ஒரு சின்ன ஐகான் இருக்கும். ‘ஆன்-டிமாண்ட்’ நிலையில் கேம் இன்டெல்லிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். சார்ஜரில் செருகி ஆடும்போது என்விடியா பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள்.

கேம் டிஸ்க்: அதிகம் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்

அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஸ்டீம் இறக்கி வைத்த கேம்கள் ஏற்கெனவே இருந்தன. அது என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸின் டிஸ்க் ஃபார்மட். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும், எனவே ஸ்டீம் லைப்ரரியை அங்கேயே காட்டிவிடலாம் என்று தோன்றும். காட்டினால் கேம்கள் பட்டியலில் வரும், பிளே அழுத்தினால் இரண்டு நொடியில் பழையபடி பிளே பட்டனே வந்து நிற்கும். காரணம் இது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் கம்பாட்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் ஒரு குட்டி விண்டோஸை உருவாக்குகிறது. அதற்குள் சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஓர் இணைப்பு வைக்கிறது. விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக் கூடாது, அதனால் என்டிஎஃப்எஸ்ஸில் இது சிக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, கரண்ட் போய் விண்டோஸ் சரியாக அணையாதிருந்தால் அந்த டிஸ்க் எழுதவே விடாது. கேம் டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக மாற்றுவது ஒன்றே நிரந்தர வழி.

நூற்றுக்கணக்கான ஜிபி கேம்களைத் திரும்ப இறக்காமல் மாற்றும் வழி இருக்கிறது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் விண்டோஸில் வைத்து என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்கி, பின்பாதியைக் காலியாக்குங்கள். லினக்ஸில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து அந்தப் பின்பாதியில் எக்ஸ்ட்4 போடுங்கள். கேம்களை அங்கே நகலெடுங்கள். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு முன்பாதி என்டிஎஃப்எஸ்ஸை அழித்து, அதையும் தனி எக்ஸ்ட்4 ஆக்கி ஸ்டீமில் இரண்டாவது லைப்ரரியாகச் சேர்த்துவிடுங்கள். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியில் பின்பாதியை இடப்பக்கம் இழுத்து ஒரே பார்ட்டிஷனாக்க ஆசை வரும். வேண்டாம். இடப்பக்கம் நகர்த்துவது என்றால் டிஸ்க்கில் உள்ள தரவு முழுவதையும் இடம்மாற்றி எழுதுவது, மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் போச்சு. இரண்டு லைப்ரரி இருப்பதில் ஸ்டீமுக்கு ஒரு குறையும் இல்லை.

புதிதாகப் போட்ட எக்ஸ்ட்4 சில நேரம் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) பெயரில் இருக்கும். அப்போது ஸ்டீம் அதில் எழுதப் போனால் ‘டிஸ்க் ரைட் எரர்’ வரும், டிஸ்க் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, உரிமை மாற்றவில்லை, அவ்வளவே. ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் வெற்றிடத்தில் ரைட் கிளிக், ‘ஓப்பன் ஆஸ் ரூட்’. திறக்கும் சாளரத்தில் மீண்டும் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ், ஓனர் என்ற இடத்தில் உங்கள் பெயர். லினக்ஸில் எந்தக் கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு என்ற அடிப்படை இந்த இடத்தில் நன்றாக மனதில் பதியும்.

டிஸ்க் பூட்டிலேயே மவுண்ட் ஆக வேண்டும். டிஸ்க்ஸ் செயலியில் பல்சக்கரத்தை அழுத்தி ‘எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்’, தானியங்கி அமைப்பை அணைத்துவிட்டு, மவுண்ட் பாயிண்டுக்கு எம்என்டிக்குள் கேம்ஸ் என்று ஒரு பெயர். ஆப்ஷன் வரியில் நோஃபெயில் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் ஒருநாள் அந்த ஹார்ட் டிஸ்க் கேபிள் நழுவினால், கணினி மொத்தமும் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

ஸ்டீம்

ஸ்டீமை சிஸ்டம் பேக்கேஜாக ஏற்றுங்கள். ஃபிளாட்பேக் பதிப்பும் கிடைக்கும், அது கூண்டுக்குள் இயங்குவதால் இரண்டாவது டிஸ்க்கைப் பார்க்காது, ஃபிளாட்சீல் என்ற கருவியில் அனுமதி கொடுத்தால்தான் பார்க்கும். புதியவருக்கு அந்தச் சுற்று எதற்கு?

செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி போய், எல்லாக் கேம்களுக்கும் ஸ்டீம் பிளே (புரோட்டானை இயக்கும் வசதி) என்ற தேர்வு இருந்தால் அதைப் போடவும், புதிய ஸ்டீமில் அது தானே இயங்கும். ஸ்டோரேஜில் புதிய டிஸ்க்கை லைப்ரரியாகச் சேர்க்கவும். பிறகு ஸ்டீமை மூடி, பழைய லைப்ரரியின் ஸ்டீமாப்ஸ், காமன் ஃபோல்டரிலிருந்து கேம் ஃபோல்டரைப் புதிய லைப்ரரியின் காமனுக்குள் நகலெடுக்கவும். பெயரில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. ஸ்டீமைத் திறந்து அந்தக் கேமை இன்ஸ்டால் கொடுத்தால் இருக்கும் கோப்புகளைக் கண்டுபிடித்துச் சரிபார்த்துவிட்டு, குறைவதை மட்டும் இறக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். லினக்ஸ் பதிப்பும் உள்ள கேமாக இருந்தால் ஸ்டீம் அந்த லினக்ஸ் கோப்புகளைத்தான் தேடும், நீங்கள் நகலெடுத்த விண்டோஸ் கோப்புகளை ஒதுக்கிவிட்டு புதிதாக இறக்க ஆரம்பிக்கும். டேட்டா அரிது என்றால் இன்ஸ்டாலுக்கு முன்பே கேமின் பண்புகளில் புரோட்டானைக் கட்டாயப்படுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டு நண்பரிடம் அதே கேம் இருந்தால் இன்னும் நல்லது: 2023 முதல் ஸ்டீமில் உள்ளூர் நெட்வொர்க் பரிமாற்றம் இருக்கிறது, ஒரே ரவுட்டரில் இரண்டு பெட்டியும் இருந்தால் இணைய டேட்டாவைத் தொடாமல் அங்கிருந்து இங்கே இழுத்துக்கொள்ளும்.

பிளே அழுத்தியதும் ‘வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன’ என்று ஒரு பட்டை ஓடும், ஷேடர் என்பது கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சின்ன நிரல். நான்கு கோர் ஐ5இல் இது நேரம் பிடிக்கும். இந்த ஷேடர்கள் இறங்கவும் டேட்டா செலவாகும், அதனால் டவுன்லோட்ஸ் பகுதியில் ஷேடர் ப்ரீ-கேச்சிங்கை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் முதல் அரைமணி நேரம் கேம் அங்கங்கே விக்கும். இன்னொன்றும் நடக்கும்: சில கேம்களின் வீடியோக் காட்சிகளை வால்வ் மாற்றி அனுப்புவது இதே வழியில்தான், எனவே கதைக் காட்சி வர வேண்டிய இடத்தில் டிவி ஸ்டேஷன் வண்ணப் பட்டைகள் வரும். அப்படி வந்தால் ப்ரீ-கேச்சிங்கைத் திரும்பப் போடுங்கள், அல்லது புரோட்டான்அப்-க்யூடி கருவியால் ஜிஇ-புரோட்டான் என்ற வேறு புரோட்டான் பதிப்பை ஏற்றி அந்தக் கேமுக்கு மட்டும் கொடுங்கள்.

சேவ் கோப்பு கிளவுடில் இருந்தால் தானே வரும். இல்லாவிட்டால் கம்பாட்டேட்டாவுக்குள் கேமின் எண் இருக்கும் ஃபோல்டர், அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், டாக்குமெண்ட்ஸ். விண்டோஸில் இருந்த சேவை இங்கே வைக்கவும். எண் என்பது ஸ்டீம் கடை முகவரியில் வருவது, ஜிடிஏ 5க்கு 271590. கேமை ஒருமுறை திறந்து மூடினால்தான் இந்த ஃபோல்டர் பிறக்கும்.

எபிக்கில் இலவசமாகச் சேர்த்து வைத்த கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும்.

ஆடத் தொடங்கிய பிறகு

சூடோ ஏபிடி இன்ஸ்டால் மாங்கோஹுட் கேம்மோட் என்று இரண்டையும் ஏற்றவும். கேமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் கேம்மோடரன், இடைவெளி, மாங்கோஹுட், இடைவெளி, பிறகு இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே கமாண்ட். திரை மூலையில் எஃப்பிஎஸ், வெப்பம் எல்லாம் தெரியும். சித்திரை வெயிலில் மாடி அறையில் சிபியு 90 டிகிரியைத் தொட்டு எஃப்பிஎஸ் திடீரென்று பாதியானால், புரோட்டானைக் குற்றம் சொல்வதற்கு முன் கேஸைத் திறந்து ஹீட்சிங்கைப் பாருங்கள். பத்து வருடத்து ஆபீஸ் பெட்டியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிரும்.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மாறி மாறிப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதே காரணம், சிமாஸ் பேட்டரியை மாற்றத் தேவையில்லை. டைம்டேட்சிடிஎல், இடைவெளி, செட்-லோக்கல்-ஆர்டிசி, இடைவெளி, 1 என்று அடித்தால் சரி.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டால் அடுத்த முறை ஏபிடி முரண்டு பிடிக்கும். சூடோ டிபிகேஜி, இடைவெளி, இரட்டைச் சிறுகோட்டோடு கன்ஃபிகர், இடைவெளி, ஒற்றைச் சிறுகோட்டோடு ஏ. பாதியில் நின்றதை அது முடித்துவைக்கும். கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று மட்டும் நின்றால் டிஸ்க்கைச் சரிபார்க்கச் சொல்கிறது என்று அர்த்தம். அதே திரையில் பார்ட்டிஷன் பெயரும் இருக்கும், எஃப்எஸ்சிகே, சிறுகோடு ஒய், அந்தப் பார்ட்டிஷன் பெயர் என்று கொடுத்து, முடிந்ததும் ரீபூட். சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டை முதல் நாளே அமைத்து வாரம் ஒரு நகல் எடுக்க விட்டிருந்தால், டிரைவர் அப்டேட் கெடுத்த பெட்டியையும் பைய பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அது சிஸ்டத்துக்கு மட்டும், சேவ் கோப்புகளுக்குத் தனி நகல் வைத்திருக்க வேண்டும்.

எதுவும் பிடிபடாமல் ஒரு கேம் மட்டும் திறக்கவில்லை என்றால் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் புரோட்டான், அடிக்கோடு, லாக், சமக்குறி, 1, இடைவெளி, பிறகு மேலே சொன்ன கமாண்ட். புரோட்டான் லாக் இரண்டும் இங்கே மட்டும் பெரிய எழுத்தில். ஹோம் ஃபோல்டரில் ஸ்டீம் என்று தொடங்கி கேமின் எண்ணோடு ஒரு லாக் கோப்பு வரும். நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைசி நூறு வரிக்குள் வல்கன் என்ற சொல்லைத் தேடுங்கள், இருந்தால் டிரைவர் பக்கம் பாருங்கள். பெர்மிஷன் என்று இருந்தால் டிஸ்க் உரிமை. டிஎல்எல் எதையோ காணோம் என்று இருந்தால், கம்பாட்டேட்டாவில் அந்த எண்ணுள்ள ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு கேமைத் திறங்கள், புரோட்டான் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும். சேவ் பழைய ஃபோல்டரில்தான் இருக்கும், எடுத்து வைக்காமல் அதை அழித்துவிடாதீர்கள்.